கிராமத்துக்கு இரண்டாவது வழி வேண்டும்

மாதத்தின் முதல் வாரத்தில் ஏதேனும் ஒரு கிராமத்து வங்கி முகவரின் கடைக்குச் சென்றால், வாசலில் ஒரு வரிசை நிற்பதைக் காணலாம். முதியோர் உதவித்தொகை பெற வந்த மூதாட்டி, நூறு நாள் வேலையின் கூலி வந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர், வெளியூரில் வேலை செய்யும் மகன் அனுப்பிய பணத்தை எடுக்க வந்த தாய் என ஒவ்வொருவராகக் கைரேகைக் கருவியின் மீது விரலை வைக்கிறார்கள். திரையில் ஒரு சிறு வட்டம் சுழல்கிறது. சில நாட்களில் அது சுழன்றுகொண்டே இருக்கிறது. "நெட் இல்ல பாட்டி, நாளைக்கு வாங்க" என்கிறார் முகவர்.

மூதாட்டியின் பணம் வங்கியில் பத்திரமாக உள்ளது. கணக்கும் ஆதார் இணைப்பும் முறையாக உள்ளன. முகவரின் மேசையில் ரொக்கமும் இருக்கிறது. இருந்தும் பணம் அவர் கைக்கு வரவில்லை. எங்கோ பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால், சாலையை அகலப்படுத்த வந்த மண்வாரி இயந்திரம் தலைமுடி அளவே உள்ள ஒரு கண்ணாடி இழையை அறுத்துவிட்டதே அதற்குக் காரணம்.

2014 ஆகஸ்டு 28 அன்று ஜன்தன் திட்டம் தொடங்கியது. 2016இல் யுபிஐ வந்தது. இன்று யுபிஐ வழியே மாதந்தோறும் 1,500 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடைபெறுகின்றன. நியாயவிலைக் கடையின் விற்பனைக் கருவி, மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பம், பால் கூட்டுறவுச் சங்கத்தின் பணப் பட்டுவாடா என யாவும் இணையத்தின் மீது ஏறி அமர்ந்துவிட்டன. இவ்வளவு பாரத்தையும் கிராமத்தின் எல்லையில் சுமந்து நிற்பவர் பல இடங்களில் ஒரு சிறிய இணையச் சேவை வழங்குநர்தான். அவருடைய வலையமைப்பு அறுந்தாலும் நிற்காமல் இயங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படி இயங்குவதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை மட்டும் நாம் இன்னும் நேராக எதிர்கொள்ளவில்லை. அந்தச் செலவை அவர் ஒருவர் தலையில் சுமத்துவது நியாயமும் ஆகாது, நடைமுறைக்கும் ஒவ்வாது என்பதே நம் கருத்து.

யார் இந்தச் சிறு வழங்குநர்?

கைப்பேசி இணையத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாட்டின் அகண்ட அலைவரிசைச் சந்தாதாரர்களில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஐந்து பெரிய நிறுவனங்களிடம் இருப்பதாகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அறிக்கைகள் காட்டுகின்றன. எஞ்சிய சிறு பங்கை நூற்றுக்கணக்கான உரிமதாரர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். நாடு முழுவதற்கும் 'ஏ' உரிமம், மாநில அளவுக்கு 'பி' உரிமம், அதனினும் சிறிய பரப்புக்கு 'சி' உரிமம் என்பது முறை. கடைசி இரு வகையினரில் பலர் நேற்றுவரை கேபிள் தொலைக்காட்சி நடத்தியவர்கள். பெரிய நிறுவனங்கள் 'இங்கே வருவாய் இல்லை' என்று கடந்துபோன தெருக்களுக்கு இழையைக் கொண்டுவந்தவர்களும் இவர்களே. வாடிக்கையாளரின் வீடு எது என்று இவர்களுக்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு வருபவரும் பெரும்பாலும் உரிமையாளரே.

'இப்போதுதான் எல்லா இடத்திலும் கைப்பேசிக் கோபுரம் உள்ளதே, இவர்கள் எதற்கு?' என்று கேட்போர் உண்டு. அந்தக் கோபுரமும் ஓர் இழையையோ நுண்ணலை இணைப்பையோ நம்பியே நிற்கிறது. அதே மின்சாரத்தில் இயங்குகிறது. பல சமயங்களில் அதன் இழையும் அதே சாலையோரத்தில்தான் செல்கிறது. ஒரு கிராமத்துக்கு ஒரே வகை இணைப்பு மட்டும் இருப்பதே அபாயம். அந்த இணைப்பு பெரிய நிறுவனத்துடையதா சிறிய நிறுவனத்துடையதா என்பது அடுத்த கேள்வி.

சங்கிலியின் கணக்கு

வெளிநாட்டிலிருந்து வரும் தரவு கடலடி வடங்கள் வழியே மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் கரையேறுகிறது. அங்கிருந்து பெருநகரத் தரவு மையம், மாவட்டத் தலைநகர், வட்டார நகரம், ஊராட்சி, தெரு, வீடு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணிகள் தொடர்கின்றன.

வட்டிக் கணக்கு அறிந்த நம் வாசகர்களுக்கு இந்தக் கணக்கும் எளிதே. ஒரு கண்ணி ஆண்டில் 99 விழுக்காடு நேரம் இயங்குகிறது என்றால் நல்ல மதிப்பெண் போலத் தோன்றும். எஞ்சிய ஒரு விழுக்காடு, ஆண்டுக்கு ஏறத்தாழ 88 மணி நேரம். அத்தகைய ஐந்து கண்ணிகள் வரிசையாக அமைந்தால் மொத்த இயக்கம் 95 விழுக்காடாகக் குறைகிறது. அதாவது ஆண்டில் ஏறத்தாழ 18 நாட்கள் இணைப்பு இருக்காது. மாறாக, 99 விழுக்காடு இயங்கும் இரண்டு தனித்தனி வழிகள் இணையாக இருந்து, ஒன்று நின்றால் மற்றொன்று ஏற்குமானால், இயக்கம் 99.99 விழுக்காடாகிறது. துண்டிப்பு ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. எந்த விலையுயர்ந்த கருவியும் தராத பாதுகாப்பை இரண்டாவது வழி தந்துவிடுகிறது.

ஆனால், 'தனித்தனி' என்ற சொல்லில்தான் சூட்சுமம் உள்ளது. சிறு வழங்குநர் சிரமப்பட்டு இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குகிறார். மாதம் இரண்டு ரசீதுகள் வருகின்றன. ஒருநாள் பாலத்தருகே பள்ளம் தோண்டுகிறார்கள். இரண்டும் ஒருசேர நின்றுபோகின்றன. இரு நிறுவனங்களின் வடங்களும் ஒரே பள்ளத்தில், சில வேளைகளில் ஒரே குழாயில் சென்றிருக்கின்றன. எந்த வடம் எந்த வழியே போகிறது என்பதைப் பெரிய நிறுவனங்கள் எளிதில் வெளிப்படுத்துவதில்லை. வாங்குபவருக்குக் கேட்டுப் பெறும் பலமும் இல்லை. இரண்டு மடங்கு பணம் கட்டியும் அவரிடம் இருந்தது ஒரே வழிதான்.

நாட்டின் பெருந்திட்டமே இந்தப் பாடத்தைக் கற்க ஒரு பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஊராட்சிகளை இழையால் இணைக்க 2011இல் ஒப்புதல் பெற்ற தேசிய ஒளியிழை வலையமைப்பு, பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. அதன் தொடக்கக் கட்டங்களில் வட்டாரத்திலிருந்து ஊராட்சிக்குப் பெரும்பாலும் ஒரே இழைதான் சென்றது. நடுவில் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு வேறு போக்கில்லை. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம்தான் ஊராட்சிகளை வளையமாக இணைக்கச் சொல்கிறது. வளையத்தின் ஓரிடம் அறுந்தால் தரவு மறுபக்கமாகச் சுற்றி வந்து சேரும். மின்சாரக் காப்பு, தொலைவிலிருந்து இழையைக் கண்காணிக்கும் ஏற்பாடு, பத்தாண்டுப் பராமரிப்பு ஆகியவையும் இத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. அரசுக்கே இவையெல்லாம் தேவை என்றால், இருநூறு முந்நூறு வீடுகளுக்குச் சேவை தரும் ஒருவர் இவற்றைத் தம் கைப்பணத்தில் எப்படிச் செய்வார்?

மண்வாரி, மின்சாரம், குரங்கு

இழை அறுவதற்கு மண்வாரி ஒன்றே காரணமன்று. குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்வடம் என ஒவ்வொரு துறையும் தன் நாட்காட்டியின்படி தோண்டுகிறது. இவ்வாறு ஒருங்கிணைப்பின்றித் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே கணக்கிட்டது. தோண்டுமுன் வடத்தின் உரிமையாளருக்குத் தகவல் தருவதற்கான செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால், ஒப்பந்தக்காரரின் கீழுள்ள உள் ஒப்பந்தக்காரரின் மண்வாரி ஓட்டுநர்வரை அது சென்று சேர்ந்தால்தான் பயன். சிறு வழங்குநரின் வடமும் அதன் வரைபடத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

மண்ணுக்குள் புதைக்க வசதியில்லாதவர் மின்கம்பத்தில் வடத்தைத் தொங்கவிடுகிறார். செலவு குறைவு, வேலையும் விரைவு. ஆனால், கம்பத்தின் விதியே வடத்தின் விதியும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. 2019 மே 3 அன்று புரியைத் தாக்கிய ஃபானி புயல் ஒடிசாவில் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் ஒருசேர முடக்கியது. கங்கைக் கரையில் காசி நகரில் தொங்கவிட்ட இழைவடங்களைக் குரங்குகள் கடித்துத் தின்றது 2015இல் உலகச் செய்தியானது. வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். வடத்தைப் பராமரித்தவர்களுக்கு அது சிரிக்கும் செய்தியாக இருந்திராது.

ஆயினும், கிராம வலையமைப்பின் முதல் எதிரி இவற்றுள் எதுவுமன்று. அது மின்சாரம். இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனிப் பகுதியின் கிராமக் கண் மையங்களைத் தொலைதூர வைஃபை மூலம் தன் மருத்துவமனையுடன் இணைத்தது. கிராமத்திலுள்ள நோயாளி மருத்துவரைத் திரையில் கண்டு பேசினார். இமயமலை அடிவாரத்தில் தரம்சாலாவில் ஏர்ஜல்டி என்ற வலையமைப்பு மலைமுகடுகளுக்கிடையே இதே தொழில்நுட்பத்தால் இணையம் தந்தது. இவ்விரண்டையும் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்த அனுபவத்தை, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

மின்வெட்டை விடவும், வருகின்ற மின்சாரத்தின் தரக்கேடே கருவிகளை அதிகம் கொன்றது என்பது அவர்கள் கண்டது. திடீரென ஏறும் மின்னழுத்தம் கருவியை எரித்தது. மெல்லத் தாழும் மின்னழுத்தம் ரவுட்டரை அரைகுறையாக இயங்கவைத்து, அதன் நினைவகத்தைக் கெடுத்தது. பேட்டரி முற்றிலும் வறண்டுபோகும்வரை இயங்கவிட்டதால் பேட்டரியின் ஆயுள் குறைந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. பழுதான கருவியைத் தொலைவிலிருந்து சோதிக்க உதவும் ஒரே வழி, அந்தப் பழுதான இணைப்புதான்! எனவே தனியாக ஒரு பின்வாசல் வழி தேவைப்பட்டது. இறுதியில் அந்த வலையமைப்புகளை உயிரோடு வைத்தவை எளிய ஏற்பாடுகளே: சூரிய மின்தகடு, மின்னழுத்தத்தைச் சீராக்கும் மலிவான கட்டுப்பாட்டுக் கருவி, தாழ்ந்த மின்னழுத்தத்தில் இணைப்பைத் தானே துண்டிக்கும் அமைப்பு. இவற்றோடு, பழுது பார்க்கப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள். கருவிகள் அன்றைவிட மேம்பட்டுவிட்டன. ஆனால் இடியும் மின்னலும் தாழ் மின்னழுத்தமும் இன்றும் பல கிராமங்களில் அப்படியேதான் இருக்கின்றன.

செலவு யாருடையது?

மாதம் நானூறு ஐந்நூறு ரூபாய்ச் சந்தாவில் ஒரு சிறு வழங்குநர் மேல்நிலை இணைப்புக்கான வாடகை, கம்ப வாடகை, ஊழியர் சம்பளம், வீட்டுக்கு வீடு வைக்கும் மோடம் ஆகிய அனைத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருங்கிணைந்த உரிமத்தின் கீழ் உள்ளவர்கள், சீரமைக்கப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காட்டை ஊரகத் தொலைத்தொடர்புக்கான பொது நிதிக்கும் செலுத்த வேண்டும். கிராமத்துக்குச் சேவை கொண்டுசெல்லவே அந்த நிதி திரட்டப்படுகிறது. கிராமத்துக்குச் சேவை கொண்டுசெல்பவரும் அதற்குப் பணம் தருகிறார்! 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப் பெயர் சூட்டியது.

இந்நிலையில் இரண்டாவது வழி என்பது அவருக்கு வருமானம் தராத முதலீடு. முதல் வழி நன்றாக இயங்கும் நாளில் அது சும்மா கிடக்கும். அதற்காக எந்த வாடிக்கையாளரும் ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தருவதில்லை. பயனோ அவருக்கு மட்டும் உரியதன்று. உதவித்தொகை பெறுவோர், நியாயவிலைக் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், வங்கி என ஊரே அதனால் பயன்பெறுகிறது. ஊர் முழுதும் பயன்பெறும் ஒன்றுக்கு ஊரின் பொதுப் பணம் துணைநிற்பதுதானே முறை? ஏரிக்கரையைக் காப்பதை யாரும் மடையருகே நிலம் வைத்திருப்பவரின் தனிப்பொறுப்பு என்று விட்டுவிடுவதில்லை.

ஆகவே, மூன்று செயல்களை நாம் வலியுறுத்துகிறோம்.

முதலாவது, பொது நிதி தரும் உதவி, எத்தனை கிலோமீட்டர் இழை பதித்தோம் என்பதோடு நிற்காமல், அது எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வளையத்தின் மறுபாதியைச் சிறு வழங்குநர்கள் குறைந்த வாடகையில் காப்பு வழியாகப் பயன்படுத்த பாரத்நெட் இடமளிக்க வேண்டும். ஒரு மாவட்டம் முழுவதும் நான்கு மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன 2024ஆம் ஆண்டு விதிகள். ஓர் ஊராட்சி நான்கு நாட்கள் இருளில் கிடந்தால் அந்தக் கணக்கில் அது தெரியாமலே போகலாம். அளவிடும் அலகு சிறிதாக வேண்டும்.

இரண்டாவது, சிறு வழங்குநர்கள் கைகோக்க வேண்டும். கேரளத்தின் கேபிள் இயக்குநர்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய கேரளா விஷன், கம்பிவழி இணையத்தில் நாட்டின் முதல் ஐந்து நிறுவனங்களுள் ஒன்றாக டிராயின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. தனித்தனியே ஒரு மேல்நிலை இணைப்புக்குத் திண்டாடியவர்கள் சேரும்போது மாநிலம் தழுவிய பொதுத் தண்டுவடத்தையே எழுப்ப முடிகிறது. பெரும் புயல்களின்போது கைப்பேசி நிறுவனங்கள் ஒன்றின் கோபுரத்தை மற்றொன்றின் வாடிக்கையாளரும் பயன்படுத்த இடம் தருகின்றன. அண்டை ஊர்களின் சிறு வழங்குநர்களும் தங்களுக்குள் ஓர் இணைப்பைப் போட்டுக்கொண்டு, ஒருவர் வழி அறுந்தால் மற்றவர் வழியே தரவைச் செலுத்த ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். போட்டி சந்தாவில் இருக்கட்டும், ஆபத்தில் வேண்டாம்.

மூன்றாவது, நம் வங்கித்துறை தன் பங்கைச் செய்ய வேண்டும். மண்ணில் புதைந்த வடத்தையும் கம்பத்தில் தொங்கும் வடத்தையும் ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால், மாதந்தோறும் தவறாமல் வரும் சந்தாவும், சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கும், மின்னணு வழியே வந்த வரவுகளும் ஒரு தொழிலின் நாடித்துடிப்பைத் தெளிவாகவே காட்டுகின்றன. முத்ரா கடனின் உச்சவரம்பு, முந்தைய கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024இல் 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்துள்ளது. சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியும் உள்ளது. பேட்டரி, சூரிய மின்தகடு, இழையை உருக்கி இணைக்கும் ஸ்பிளைசிங் இயந்திரம் ஆகியவற்றுக்குக் கடன் தருவது எந்தச் சிறு தொழிலுக்கும் தரும் கடனைப் போன்றதே. இன்னொன்றும் உண்டு. வங்கிகளும் இவர்களுடைய வாடிக்கையாளர்கள். ஒரு கிளைக்கு இரண்டு இணைப்பு வாங்கும்போது, இரண்டும் ஒரே பள்ளத்தில் வருகின்றனவா என்று நாம் கேட்டே ஆக வேண்டும். அப்படிக் கேட்பவர் பெருகினால், பதில் சொல்லும் வழக்கமும் தானே வரும்.

வாசகர்களாகிய நாம் என்ன செய்யலாம்? புதிய இணைப்பு எடுக்கும்போது வேகம் எவ்வளவு என்று கேட்பதோடு, 'சென்ற மழைக்காலத்தில் எத்தனை நாள் நின்றது? அறுந்தால் மாற்று வழி உண்டா?' என்றும் கேட்கலாம். மோடத்துக்கு ஒரு சிறு மின்காப்புக் கருவி வாங்கி வைக்கலாம். இணைப்பு தடுமாறும் நேரத்தில் யுபிஐயில் பணம் சென்றதா என்று தெரியாவிட்டால், உடனே மறுமுறை அனுப்பாமல் கணக்கைச் சரிபார்க்கலாம். கணக்கில் கழிந்து உரியவருக்குச் சேராத தொகையை வங்கிகள் குறித்த காலத்துக்குள் திருப்ப வேண்டும் என்றும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது.

எனினும், அந்த வரிசையில் நின்ற மூதாட்டிக்கு எந்த விதியும் இழப்பீடு தருவதில்லை. அவருடைய பரிவர்த்தனை தோற்கவில்லை, தொடங்கவே இல்லை. அவர் இழந்தது ஒரு நாள் நடை, பேருந்துக் கட்டணம், தள்ளிப்போன மருந்து. இவை எந்தப் பேரேட்டிலும் ஏறாத செலவுகள். கிராமத்துக்கு இரண்டாவது வழி அமைக்க ஆகும் செலவைக் கணக்கிடும்போது, அதில்லாமல் இத்தனை ஆண்டுகளாக அவர் தம் கையிலிருந்து கட்டிவரும் தொகையையும் பற்றுப் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம். எது சிக்கனம் என்பது அப்போது விளங்கும்.